தறிக்குழியின் மேல் டைல்ஸ்

சென்ற ஆவணியில் நாங்கள் மூவர் திருத்தணிக்குப் போயிருந்தோம். மலையேறுவதற்காக அல்ல. நண்பரொருவர் அழைத்திருந்தார். அவருடைய பூர்வீக வீட்டின் தரையைப் பெயர்த்துவிட்டு வீடு முழுவதும் டைல்ஸ் பதிப்பதற்கு ஏற்பாடாகியிருந்தது. தை மாதம் அவ்வீட்டில் ஒரு திருமணம். "பழைய வீடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பெயர்க்கலாமா கூடாதா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். அக்கேள்வியில் கலந்திருந்த மெல்லிய கேலி அப்போது எங்களுக்குப் பிடிபடவில்லை. அழைப்பைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வீடு, மலையடிவாரத்திலிருந்து சற்றுத் தள்ளி, நெசவாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் தெரு ஒன்றில் இருக்கிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு, இராமகிருஷ்ணராஜுப்பேட்டை, எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் என்று இந்த வட்டாரம் முழுவதுமே தறிச்சத்தத்தில் வளர்ந்தது. இன்று ஒலிப்பது விசைத்தறி. நண்பரின் பாட்டனார் 1950களின் நடுவில் இவ்வீட்டைக் கட்டியபோது திருத்தணி ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின்னர், படாஸ்கர் பரிந்துரையின் வழியே, 1960 ஏப்ரல் 1 அன்று அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆக இவ்வீடு நின்ற இடத்தில் நின்றபடியே மாநிலம் மாறிய வீடு. (பத்திரக்கட்டை எடுத்துக் காட்டினார் நண்பர். தெலுங்கும் தமிழும் ஆங்கிலமும் கலந்து கிடந்த அக்காகிதங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

தரைக்கு வருவோம். இவ்வீட்டில் இருப்பது ஒரு தரையன்று, மூன்று. தெருத்திண்ணையில் பழைய காவித்தரை. முன்கட்டில் பின்னாளில் போட்ட சிவப்புச் சிமெண்ட். பின்கட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் கடப்பைக்கல். மூன்றும் வெவ்வேறு காலத்தவை. மூன்றுக்கும் மூப்பு வந்த விதமும் வேறு வேறு. திண்ணை, உட்கார்ந்தவர்களின் வேட்டியாலும் புடவையாலும் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னுகிறது. கூடத்துக் கற்கள் நடமாட்டம் மிகுந்த இடத்தில் மட்டும் சற்றே குழிந்திருக்கின்றன. முன்கட்டோ வெடித்துக் கிடக்கிறது.

நாங்கள் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் தீர்ப்பு வழங்கிவிட்டோம். இத்தரையைப் பெயர்ப்பது பாவம், இந்த மினுமினுப்பு எந்த ஆலையிலும் செய்ய முடியாதது, குஜராத்தின் மோர்பியில் அச்சடித்து வரும் பளபளப்புப் பலகைகளை இங்கே பரப்புவது பாட்டியின் முகத்தில் பிளாஸ்டிக் முகமூடி மாட்டுவதற்குச் சமம், என்றெல்லாம் எங்களில் ஒருவர் திண்ணையைத் தடவியபடியே முழங்கினார். நண்பரின் தாயார் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருக்கே உரிய நிதானத்தோடு சொன்னார்: "தம்பி, நீங்க வந்து ஒருநாள் பாக்கறீங்க. நான் தெனமும் தொடைக்கறேன்."

அதன்பின் சற்று நேரம் நாங்கள் பேசவில்லை.

அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால் இரண்டும் பழுது. மருமகளாக அவ்வீட்டுக்கு வந்த காலத்தில் முன்கட்டு மண்தரையாக இருந்தது. வெள்ளிதோறும் சாணமிட்டு மெழுகியது அவர்தாம். சிவப்புச் சிமெண்ட் வந்த அன்று தாம் அடைந்த மகிழ்ச்சியை அவர் விவரித்தபோது, எங்கள் கதைகளில் சாணம் மெழுகிய தரையின் குளுமை எத்தனை முறை வந்திருக்கிறது, அதை மெழுகிய கை எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நம் சிறுகதைகளிலும் நினைவோடைகளிலும் பழைய வீட்டின் தரை பெரும்பாலும் விடுமுறைக்கு வரும் பேரன் படுத்துப் புரளும் தரைதான். பேரன் எழுந்து போனபிறகு அதைத் துடைப்பவருக்கு அக்கட்டுரைகளில் வசனம் கிடையாது. பழையதைக் காப்பாற்று என்று சொல்கிறவர், காப்பாற்றும் உடலுழைப்பு எவர் தலையில் விடியும் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது மரபுப் பற்று ஆகாது. பிறர் முதுகில் ஏறிச் செய்யும் அழகுணர்ச்சி.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் வீடு முழுவதும் டைல்ஸ் என்ற முடிவு தவறானது என்றே நாம் கருதுகிறோம். ஏக்கத்தால் அல்ல. அதற்கான காரணத்தை எங்களுக்குக் காட்டியதும் அதே அம்மாதான்.

முன்கட்டுத் தரையின் வெடிப்பைப் பற்றிக் கேட்டோம். சிமெண்ட் தரை காய்ந்து சுருங்குவதால் வருகிற வெடிப்பு சிலந்திவலைபோல் ஒழுங்கின்றிப் பரவும். இங்கே அப்படியில்லை. நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடுகள். சுவரோரமாக இரண்டு நீள்சதுரங்கள். அவற்றின் உட்புறம் விரற்கடை அளவு தாழ்ந்திருந்தது. ஒரு சிறிய கோலால் தட்டிப் பார்த்தால் வெளியே கெட்டியான ஒலி, உள்ளே பானையொலி. "அது தறிக்குழி தம்பி. ரெண்டு தறி இருந்துச்சு. மூடிட்டாங்க" என்றார் அம்மா.

குழித்தறியைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காக ஒரு சொல். நெசவாளி தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிப்பார். மேலே பாவு இரண்டாகப் பிரியும். நாடா ஊடையை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடும். குழிக்கு இன்னொரு பயனும் உண்டு. மண்ணின் ஈரப்பதம் நூலை அதிகம் உலரவிடாது. உலர்ந்த பருத்தி இழை அறுந்துகொண்டேயிருக்கும். கோடையில் வானிலைச் செய்தி கேட்பவர்களுக்குத் திருத்தணியின் வெயில் எத்தகையது என்று தெரியும். அந்த வெயிலில் மண்தரையும் குழியும் ஒரு தொழிற்கருவியின் பகுதியாகவே இருந்தன. வீட்டின் தரை என்று ஒன்று, தறி என்று மற்றொன்று இல்லை. தரையே தறியின் பாதி.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கைத்தறி வருமானம் போதாமற்போனபோது நண்பரின் தந்தையார் குழிகளை மூடினார். கையில் கிடைத்த ஓட்டுச்சில்லு, செங்கல் உடைசல், கொல்லைமண் எல்லாவற்றையும் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்ட் போட்டு, சிவப்புக் காவி பூசினார்கள். திமிசு கொண்டு இறுக்கினார்களா என்பது அம்மாவுக்கு நினைவில்லை. அந்த வாரம் அவர் கணவர் யாரோடும் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சுற்றிலுமுள்ள மண் நூறாண்டுக் காலடியில் இறுகியது. குழியை நிரப்பிய மண்ணோ ஒரு நாளில் கொட்டியது. மழைக்காலந்தோறும் அது சற்று ஊறும், கோடைதோறும் சற்றுச் சுருங்கும், மெல்ல மெல்லக் கீழே அமரும். மேலே இருந்த சிமெண்ட் அதோடு போக முடியாமல் குழியின் விளிம்பு நெடுகப் பிளந்துகொண்டது. ஆகவே அவ்வெடிப்பு தரையின் நோயன்று. அடியில் நடப்பதைத் தரை ஒழுங்காக எழுதிக் காட்டியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவரோ வீட்டில் அம்மா ஒருவர்தாம்.

இப்போது டைல்ஸ்காரரின் யோசனையைப் பாருங்கள். அவர் கெட்டவரல்லர், தம் தொழிலில் கெட்டிக்காரர். "பெயர்க்கவே வேண்டாம் சார், மேலேயே பசை வைத்து ஒட்டிவிடலாம், நான்கே நாளில் முடித்துவிடுவேன்" என்று கூறியிருந்தார். இன்று நம் ஊர்களில் பாதி வீடுகள் இவ்வாறே புதுப்பிக்கப்படுகின்றன. இரண்டடிக்கு இரண்டடிப் பலகை. விட்ரிஃபைடு என்று சொல்வது. மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டதால் ஏறக்குறையக் கண்ணாடியாகவே மாறியது. தன் எடையில் அரை விழுக்காட்டு நீரைக்கூட உறிஞ்சாது என்பதுதான் அதன் தர அளவுகோல். புதிதாகக் கட்டிய வீட்டுக்கு, சரியான அடித்தளத்தின்மேல், அது நல்ல பொருள்தான். குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் அமர்ந்துகொண்டேயிருக்கும் ஒரு குழியின்மேல் அதை ஒட்டினால் என்னவாகும்? சிமெண்ட் தரை செய்ததையே அதுவும் செய்யும், இன்னும் உரத்த சத்தத்தோடு. ஓரிரு மழைக்காலங்களில் சில பலகைகள் அடியில் வெற்றிடமாகி ஒலிக்கும், ஒன்று விரியும், ஒருநாள் மூலை எழும்பும். எழுந்த மூலை எழுபத்தெட்டு வயதுக் கால்விரலுக்குக் காத்திருக்கும்.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்துச் சுவர்களில் அடியிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த சுவர். மண்ணின் ஈரம் தரையின் இடுக்குகள் வழியே சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டிருக்கும் வரை தொல்லையில்லை. தரை முழுவதையும் நீர்புகாப் பலகையால் மூடிவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? சுவருக்குத்தான் போகும். டைல்ஸ் போட்ட பழைய வீடுகளில் ஒன்றிரண்டு ஆண்டுக்குள் சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்துப் பெயிண்ட் உரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உடனே பெயிண்டைக் குறை சொல்லி, அச்சுவருக்கும் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள். ஈரம் நான்காவது அடியில் தோன்றும்.

வாசற்படியையும் மறந்துவிடக் கூடாது. ஓடும் பசையுமாகத் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். காரை பரப்பிப் பதித்தால் இன்னும் கூடுதல். கதவுகளின் அடியை இழைத்துக் குறைப்பார்கள். நிலைப்படியைக் குறைக்க முடியாது. உயரமான படியை எவரும் பார்த்துத் தாண்டுவர். தரையோடு தரையாகத் தேய்ந்த படியும் தொல்லை தராது. பாதி புதைந்த படிதான் இடறிவிடும்.

(இதைக் கேட்கும்போது நம் கோயில்கள் நினைவுக்கு வராமற்போகாது. பல கோயில்களில் திருப்பணிதோறும் தளவரிசையின்மேல் தளவரிசையாகப் போட்டு உயர்த்தியதில் கருவறையின் அதிட்டானம் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. அதில் வெட்டிய கல்வெட்டுகளும் கூடவே போயின. பழைமை வாய்ந்த கோயில்களைப் பேணுவது குறித்து 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. கோயிலுக்காவது நீதிமன்றம் உண்டு. நெசவாளி வீட்டுத் தரைக்கு எந்தச் சட்டமும் இல்லை; இருக்கவும் வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. வீட்டில் இருப்பவர் தம் தரையைப் பற்றி அதிகாரியிடம் அனுமதி கேட்டு நிற்கும் நிலை வந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.)

பின்கட்டுக் கடப்பைக்கல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத ஆசை. சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையிலான இருப்புப்பாதை 1871இல் ராய்ச்சூரில் இணைந்தது. அரக்கோணத்தைத் தாண்டி, திருத்தணி வழியாக, ரேணிகுண்டா, கடப்பை, குந்தக்கல் என்று போகும் பாதை அது. கடப்பை மாவட்டத்துச் சுரங்கங்களில் இக்கல் அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. படிவுப்பாறை; சுண்ணாம்புக்கல் இனம். அடுக்கு வாட்டத்தில் உளி வைத்தால் பலகையாகப் பிரிந்துவரும். அறுக்கும் எந்திரம் இல்லாத காலத்திலும் மெல்லிய பலகைக்கல் எளியவர் வீட்டுக்குக் கிடைத்தது இந்த இயல்பால்தான். நம் சமையல் மேடைகள், அலமாரித் தட்டுகள், துணி துவைக்கும் கல், பள்ளிக்கூடத் திண்ணை எல்லாம் ஒரு தலைமுறை முழுவதும் இந்தக் கருங்கல்லாகவே இருந்தன. கருங்கல் என்று பழக்கத்தில் எழுதிவிட்டோம். நிறம் கறுப்பு என்பது தவிர மலைக்கருங்கல்லுக்கும் இதற்கும் உறவில்லை. புளி கரைத்த தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ கொட்டிவிட்டு உடனே துடைக்காவிட்டால் வெளுத்த தடம் விழுவதே இதற்குச் சாட்சி. கழிப்பறை ஆசிட்டை இதன்மேல் ஊற்றித் தேய்ப்பவர்கள் கறையோடு கல்லையும் கரைக்கிறார்கள்.

நண்பர் வீட்டுக் கூடத்தில் இக்கற்கள் சுண்ணாம்புக் காரையில் பதிந்தவை. இதில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. சிமெண்டில் பதித்த கல்லை எடுக்க முயன்றால் பெரும்பாலும் கல்தான் உடையும். சிமெண்ட் கல்லைவிடப் பிடிவாதக்காரன். சுண்ணாம்புக் காரை மென்மையானது. கடப்பாரையை ஓரமாக நுழைத்துப் பொறுமையாக நெம்பினால் கல்லை விட்டுக்கொடுக்கும். எடுத்த கல்லைப் புரட்டிப்போட்டு மறுபக்கத்தைத் தேய்த்து மெருகேற்றலாம். அல்லது தேய்ந்த முகத்தையே மீண்டும் மெருகிடலாம். அறுபது எழுபது ஆண்டு உழைத்த பொருளை இன்னொரு அறுபது ஆண்டுக்கு அனுப்பிவைக்க முடிகிறது. விட்ரிஃபைடு பலகையை எவரும் பெயர்த்து மறுபடி பதித்ததாக நாம் கேட்டதில்லை. அது உடைந்தால் குப்பை மேட்டுக்குத்தான்.

இங்கே செட்டிநாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்வது நம்மிடையே வழக்கம். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, கையாலேயே வார்க்கும் பூக்கல்லுக்கு இன்று நல்ல மதிப்பு. அங்குள்ள ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. மகிழ்ச்சியே. ஆனால் அரண்மனை போன்ற வீட்டின் தரைக்கு விடுதி நடத்துவோரும் திரைப்படக்காரரும் பழம்பொருள் வாங்குவோரும் ஆதரவு தருவார்கள். குழித்தறி மூடிய ஒரு முன்கட்டை எவர் படம் பிடிக்க வருவார்? அழகு என்ற வாதம் அழகான தரைகளை மட்டுமே காக்கும். நம் ஊர்களில் பெரும்பாலான தரைகள் அழகற்றவை, உழைத்தவை. அவற்றைக் காக்க வேறு வாதம் வேண்டும். இத்தரை என்ன செய்துகொண்டிருக்கிறது, எது பழுது, அப்பழுதின் வேர் எங்கே, பழுதுபார்க்க இயலுமா, இயலாவிட்டால் எந்த அறையில் எதை மாற்றினால் போதும் என்ற வரிசையில் கேட்டுப் போனால் அழகு கேட்காமலே பிழைத்துக்கொள்ளும்.

எங்கள் பங்குக்கு நண்பரிடம் சொன்னது இதுதான்: முதலில் குழியைத் தோண்டுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நண்பருக்கு முதலில் எரிச்சல். பெங்களூரிலிருந்து ஒவ்வொரு வாரமும் வந்து போகிறவர். நான்கு நாள் வேலையை நாற்பது நாளாக்குகிறோம் என்றார். அதில் நியாயம் உண்டு. தச்சரும் கொத்தனாரும் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் செலவு. அம்மா அப்போது உள்ளேயிருந்தபடியே குரல் கொடுத்தார்: "எனக்குச் சமையக்கட்டுல டைல்ஸ் வேணும். குளிக்கற எடத்துல சொரசொரன்னு போடு. மிச்சம் நீங்க பேசிக்குங்க." அவர் நிபந்தனை அவ்வளவுதான். எங்கள் ரசனைக்கும் மகனின் அவசரத்துக்கும் இடையில், தரையில் நடப்பவர் தமக்கு எது வேண்டும் என்று மிகத் தெளிவாக அறிந்திருந்தார். சமையலறைக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இறங்கிப் போகவில்லை. மார்கழியில் நின்று சமைத்தால் கால் விறைக்கிறது. இவ்விரண்டையும் அவர் சொன்னபிறகு அங்கே கல்லே இருக்கட்டும் என்று வாதாட எங்களுக்கு வாய் வரவில்லை.

வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நகரிப் பக்கத்திலிருந்து வயதான மேஸ்திரி ஒருவர் வந்தார். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுபவர். கடப்பைக்கல்லை அவர் 'பண்ட' என்றே குறிப்பிட்டார். தறிக்குழிகள் இரண்டையும் திறந்தார். உள்ளே நெகிழ்ச்சியூட்டும் பொருள் ஏதேனும் கிடைக்கும் என்று எதிர்பார்த்து எங்களில் ஒருவர் அன்றைக்கென்றே விடுப்பெடுத்து வந்திருந்தார். செங்கல் உடைசலும் ஓட்டுச்சில்லும் ஒரு மருந்துப் புட்டியும் கிடைத்தன. நிரப்பிய மண் முழுவதையும் எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசால் இடித்து மேலே கொண்டுவந்தார்கள். மூன்று நாள் பிடித்தது. பின்னர்த் தளம்.

முன்கட்டில் மறுபடியும் காவி பூச வேண்டும் என்பது எங்கள் பேராசை. மேஸ்திரி தயங்கினார். காவித்தரை பொருளால் ஆவதன்று, கையால் ஆவது. சிமெண்டோடு காவித்தூளைச் சலித்துக் கலந்து, அடித்தளம் ஈரமாயிருக்கும்போதே பூசி, கரணையால் ஒரே சீராக இழுத்து, காயவிடாமல் பல நாள் தண்ணீர் கட்டி, பிறகு தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி, அதற்கும் பிறகு ஆண்டுக்கணக்கில் மனிதர் நடந்து மெருகேற்ற வேண்டும். ஒரு நாளில் தொடங்கியதை இடையில் நிறுத்தினால் ஒட்டிய இடம் காலமெல்லாம் தெரியும். "என் கூட வேல செஞ்சவங்க இப்ப இல்ல சார்" என்றார். இருக்கிற ஆளை வைத்துப் பூசிக் கெடுப்பதைவிடப் பூசாமல் இருப்பது மேல் என்ற அவர் முடிவை ஏற்றோம். திண்ணையின் காவியைத் தொடவேயில்லை. ஒரு மூலையில் இருந்த சிறு பெயர்வை மட்டும் அடைத்தார். நிறம் பொருந்தவில்லை. பொருந்தாதது தெரிகிறது. இருக்கட்டும்.

முன்கட்டுக்கு என்ன? சமையலறையிலிருந்து கழற்றிய கடப்பைக்கல் முன்கட்டுக்கு வந்தது. முப்பத்தேழு கற்களில் ஆறு உடைந்தன. மற்றவை முழுதாக வந்தன. போதாத இடத்துக்கு, அதே தெருவில் இடித்துக்கொண்டிருந்த மற்றொரு வீட்டிலிருந்து நண்பர் கல் வாங்கினார். வாங்கினார் என்பதும் மிகை. வண்டிக்கூலி மட்டும் கொடுத்தார். அவர்கள் அதைக் குப்பையோடு ஏற்றிவிடவிருந்தார்கள். நாம் சொல்ல விரும்பும் கவலையும் இதுவே. ஒரு தெருவில் ஓராண்டில் எத்தனை வீட்டுத் தரை ஏரிக்கரைப் பள்ளத்துக்குப் போகிறது என்று எண்ணுவார் இல்லை. அதிலே பாதி இன்னும் உழைக்கக்கூடிய கல்.

திரும்பும் வழியில் ஊரிலேயே உள்ள வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனோம். தூங்கானைமாட அமைப்புடைய சிறிய கோயில். பல்லவ மன்னன் அபராஜிதனின் பதினெட்டாம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பவர் இதைக் கருங்கல்லால் எடுப்பித்தார். அதைப் போற்றும் வெண்பா ஒன்று கல்வெட்டில் இருக்கிறது. மன்னரே பாடியது என்றும் கல்வெட்டு குறிப்பிடுகிறது. கல் பதித்தவனுக்கு அரசன் வெண்பா பாடிய ஊர் இது. அவ்வெண்பாவிலும் எடுப்பித்தவர் பெயர்தான் இருக்கிறது, எடுத்துவைத்த தச்சர் பெயர் இல்லை என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். எங்கள் நகரி மேஸ்திரியின் பெயரை இங்கே எழுதலாம் என்று கேட்டோம். வேண்டாம் என்று சிரித்தார்.

தை மாதத்துத் திருமணத்துக்குப் போயிருந்தபோது முன்கட்டில் பந்தி நடந்தது. கல்லின் மெருகு இன்னும் முழுதாக ஏறவில்லை. இணைப்புகளில் ஒன்றிரண்டு சற்றுப் பிசகியிருந்தன. சமையலறையில் வெளிர்நிற டைல்ஸ், சொரசொரப்பானது. அம்மா அங்கே ஒரு முக்காலியில் அமர்ந்து ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கொல்லைக்கு அழைத்துப் போனார். மிஞ்சிய நான்கு கற்கள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றன. மூன்றை எதிர்வீட்டார் கேட்டிருக்கிறார்களாம், நான்காவதைத் தரமாட்டாராம். "இத இங்கயே போடச் சொல்லுங்க தம்பி, உங்க பேச்சத்தான் அவன் கேக்கறான். துணி தொவைக்க ஆகும்."